ஏழு வருஷத்துக்கு முந்தைய பார்க்கிங் பாக்கிக்கு இப்போது சம்மனா? பதறவும் வேண்டாம், பேசாமல் இருக்கவும் வேண்டாம்

கோட்டாறு கம்போளத்தில் கடை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சரக்கு வாங்குவதும் விற்பதும் அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் தினசரிக் கவலை. தெரு குறுகல். காலையில் ஒரு லாரி வந்து நின்றுவிட்டால் சைக்கிள்கூட ஒதுங்கித்தான் போக வேண்டும். சவேரியார் கோயில் திருவிழா நடக்கும் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கேட்கவே வேண்டாம். அதனால் பக்கத்தில் காலி மனை வைத்திருப்பவரிடம் பேசி, மாத வாடகைக்கு வண்டியை நிறுத்துவது நடைமுறையில் உள்ளதுதான். பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். சுவரில் ஒரு போர்டு, கையில் ஒரு சின்ன அட்டை, அவ்வளவுதான் எழுத்து.

அந்த வாய்ப்பேச்சு பல வருஷம் கழித்து வழக்காக வந்து நின்றால் என்ன செய்வது? சட்டம் நம் பக்கம் இருந்தும், பதில் சொல்லாமல் விட்டதால் தோற்றுப்போகிறவர்கள் உண்டு. அதைத் தவிர்க்கும் வழியை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். எடுத்துக்காட்டு கற்பனைதான், இதில் வரும் சட்டங்களும் தேதிகளும் உண்மை.

அண்ணாச்சியின் குட்டியானை

பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி தன் குட்டியானை வண்டியை ஒரு தனியார் மனையில் மாதம் 1,500 ரூபாய்க்கு நிறுத்தி வந்தார். 2018 மே கடைசியில் வேறு இடம் கிடைத்ததும் வண்டியை எடுத்துவிட்டார். இரண்டு மாத வாடகை 3,000 ரூபாய் பாக்கி. ‘பிறகு பார்க்கலாம்’ என்று இருந்தவர் அப்படியே மறந்துபோனார். மனை கைமாறியது. 2025 ஆகஸ்டில் ஒரு நாள் கடைப்பையன் ஓடி வந்தான்.

“அண்ணாச்சி, கோர்ட்டுல இருந்து ஆள் வந்திருக்காரு. கையெழுத்துப் போட்டு ஒரு பேப்பர் வாங்கணுமாம்.”

“கோர்ட்டா? நான் யாருக்கு என்ன செஞ்சேன்? வாங்காதே, ஆள் இல்லைன்னு சொல்லி அனுப்பு!”

அண்ணாச்சி செய்யவிருந்த முதல் தவறு இது. நல்லவேளையாக, பக்கத்துக் கடைக்காரர் தடுத்துவிட்டார். வாங்கிப் பார்த்தால், மனையின் புதிய உரிமையாளர் 2025 ஜூனில் போட்ட வழக்கு. வாடகை பாக்கி 3,000 ரூபாய். முன்னறிவிப்பு இல்லாமல் வண்டியை எடுத்ததற்கு ‘அபராதம்’ 5,000. ஏழு வருஷத்துக்கு நூற்றுக்கு 24 வீதம் வட்டி 13,440. நோட்டீஸ் செலவு 2,000. ஆக மொத்தம் 23,440 ரூபாய். மூவாயிரம் எப்படி இருபத்து மூவாயிரம் ஆனது என்று அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது.

கையில் வந்த காகிதம் என்ன?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாக் காகிதமும் சம்மன் அல்ல.

வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுதும் கடிதம். அது வந்தால் வழக்கு இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். பதில் எழுதுவது நல்லது, ஆனால் யோசித்து எழுத வேண்டும். காரணம் கீழே வருகிறது.

மக்கள் நீதிமன்றத்திலிருந்து வழக்குக்கு முந்தைய சமரச அழைப்பு வரலாம். அது பேசித் தீர்க்கக் கூப்பிடுவது. போய்ப் பேசலாம். உடன்பாடு இல்லையென்றால் அங்கே யாரும் உங்கள் மீது தீர்ப்பு எழுத முடியாது.

சம்மன் எனப்படும் அழைப்பாணையில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், முத்திரை, கையொப்பம், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். கூடவே வழக்குரையின் நகலும் இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ வழக்கு எண்ணையோ, எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். வழக்கு உண்மையா, அடுத்த தேதி என்ன என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. போக்குவரத்துக் காவல்துறை போடும் இ-சலான் வேறு. தனியார் கேட்கும் பணம் வேறு. அபராதம் விதிக்கும் அதிகாரம் சட்டம் தந்தவர்களுக்கு மட்டுமே உண்டு. தனியார் தன் போர்டில் ‘அபராதம்’ என்று எழுதினாலும், சட்டத்தின் பார்வையில் அது ஒப்பந்தப்படி அவர் கேட்கும் ஒரு தொகைதான். அதை அவர் நீதிமன்றத்தில் நிரூபித்துத்தான் வாங்க வேண்டும். ‘பார்க்கிங் அபராதம் பாக்கி, இந்த இணைப்பைத் தொட்டுக் கட்டுங்கள்’ என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் உதவி எண்ணை அழையுங்கள்.

சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடுமா?

நிற்காது. வாங்க மறுத்தாலும் சம்மன் முறைப்படி சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகவும் வழி உண்டு. அதன்பின் நீங்கள் வரவில்லையென்றால், வாதி சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரலாம். ‘எக்ஸ்பார்ட்டி டிகிரி’ என்று கோர்ட்டு வாசலில் சொல்வது இதைத்தான். அந்தத் தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்க வாதிக்கு 12 ஆண்டு வரை அவகாசம் உண்டு. மூன்று வருஷத்தில் செத்துப்போக வேண்டிய பாக்கி, நம் மௌனத்தால் இன்னும் பன்னிரண்டு வருஷம் உயிர் வாழும்.

அதனால் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். வாங்கிய தேதியைச் சம்மனின் மேலேயே எழுதி வையுங்கள். கையெழுத்துப் போட்டதால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகாது. காகிதம் வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

நாள் கணக்கு

சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் என்றால் நீதிமன்றத்தின் கருணையைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

சம்மனில் ‘சுருக்க விசாரணை’ அல்லது ‘உத்தரவு 37’ என்று இருந்தால் இன்னும் வேகம் தேவை. எழுத்து மூலமான ஒப்பந்தம் போன்றவற்றின் அடிப்படையில் குறிப்பிட்ட தொகை கேட்கும் வழக்குகள் இந்த முறையில் வரலாம். இதில் 10 நாளுக்குள் ஆஜராவதைப் பதிவு செய்ய வேண்டும். பின்னர் வழக்கை எதிர்த்து வாதாட அனுமதியும் தனியே கேட்க வேண்டும். இந்த வார்த்தைகளைப் பார்த்தால் அன்றைக்கே வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

முதல் கேள்வி: பாக்கி காலாவதி ஆகிவிட்டதா?

பழைய வியாபாரிகள் ‘காலதோஷம்’ என்று சொல்வார்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, இந்த மாதிரிப் பண பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலம். பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து, அல்லது ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும்.

அண்ணாச்சியின் பாக்கி 31.5.2018-இல் முடிகிறது. மூன்று ஆண்டு 2021 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நடுவே கொரோனா வந்தது. 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 10-ஆம் தேதி உத்தரவிட்டது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மறக்க மாட்டார்.

சரி, சேர்த்தே பார்ப்போம். 2020 மார்ச் 15 அன்று வாதிக்கு மீதமிருந்த காலம் ஏறக்குறைய ஒரு வருஷம் இரண்டரை மாதம். அதை 2022 மார்ச் 1 முதல் எண்ணினால் 2023 மே நடுவில் முடிந்துவிடும். வழக்குப் போட்டது 2025 ஜூன். ஆக, கொரோனா சலுகையைக் கொடுத்தாலும் இரண்டு வருஷம் தாமதம். உங்கள் பாக்கிக்கும் இதே மாதிரி தேதி போட்டுப் பாருங்கள். பாக்கி 2022-க்குப் பிந்தையது என்றால் கொரோனா கணக்கே வராது. நேரடியாக மூன்று ஆண்டுதான்.

“காலாவதியான வழக்கைக் கோர்ட்டே தள்ளிவிட வேண்டாமா? நான் ஏன் சொல்லணும்?” என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. நீங்கள் சொல்லாவிட்டாலும் காலங்கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றுதான் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வழக்குரையில் ‘2022 டிசம்பரில் பிரதிவாதி பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டார்’ என்று ஒரு வரி இருந்தால்? அது பொய்யாகவே இருந்தாலும், குறிப்பிட்டு மறுக்காத செய்தியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த ஒரு வரி போதும், மூன்று ஆண்டுக் கணக்கு மறுபடி புதிதாகத் தொடங்கிவிடும். அதனால்தான் வழக்குரையை வரி வரியாகப் படிக்கச் சொல்கிறோம்.

பழைய கடனுக்கு உயிர் கொடுக்கும் ஒற்றை வரி

காலவரம்பு முடிவதற்குள் நீங்கள் கையெழுத்திட்டு ‘இவ்வளவு பாக்கி இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. காலவரம்புக்குள் ஒரு பகுதிப் பணம் கட்டி, அது உங்கள் கையெழுத்திலோ கையொப்பத்திலோ பதிவாகியிருந்தாலும் அப்படியே.

காலவரம்பு முடிந்த பிறகு வெறுமனே ‘அப்போ பாக்கி இருந்தது’ என்று சொல்வதால் கடன் உயிர் பெறாது. ஆனால் ‘தந்துவிடுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது புதிய ஒப்பந்தமாகவே ஆகிவிடும். அதனால் வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போதும் வாட்ஸ்அப்பில் சமாதானம் பேசும்போதும் நிதானம் தேவை. “பாத்து முடிச்சிரலாம், தந்திருதேன்” என்று வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு, பிறகு அதன் அர்த்தத்தைப் பற்றி இரண்டு வருஷம் வழக்காட வேண்டாம்.

அந்த 5,000 ரூபாய் ‘அபராதம்’ செல்லுமா?

ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருக்கிறது என்பதற்காக அது முழுவதையும் வாங்கிவிட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. ஃபத்தே சந்த் வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை விளக்கியது. கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015-இல் அதே நீதிமன்றம் மறுபடி தெளிவாக்கியது: நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை. அண்ணாச்சி வண்டியை எடுத்த மறுநாளே அந்த இடத்தில் வேறு வண்டி நின்றிருந்தால், 5,000 ரூபாய் நஷ்டம் எங்கே இருந்து வந்தது என்று வாதிதான் சொல்ல வேண்டும்.

அந்த நிபந்தனை உங்களுக்குத் தெரியும்படி இருந்ததா என்பதும் கேள்விதான். வண்டியை விட்ட பிறகு மாட்டிய போர்டு, வாசிக்க முடியாத பொடி எழுத்து, இவற்றை வைத்து ஒப்பந்தம் பேச முடியாது. அச்சிட்டதெல்லாம் அப்படியே சட்டமாகிவிடாது என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1998-இல் டெல்லியின் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி கார் திருட்டுப் போனது. ‘உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு’ என்று டோக்கனில் அச்சிட்டிருப்பதைக் காட்டி ஓட்டல் தப்பப் பார்த்தது. ஊழியரின் கவனக்குறைவை அந்த வாசகம் மூடி மறைக்காது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்காக ‘தனியார் பார்க்கிங் கட்டணம் எதுவும் செல்லாது, கிழித்துப் போடு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் அனுப்பியது என்றால் இன்னும் கவனம். இங்கிலாந்திலேயே, இரண்டு மணி நேர இலவச நேரத்தைத் தாண்டி 56 நிமிடம் கூடுதலாகக் காரை விட்டவரிடம் தனியார் நிறுவனம் கேட்ட 85 பவுண்டு செல்லும் என்று 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம். ஊருக்கு ஊர் சட்டம் வேறு. நம் வழக்குக்கு நம் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

24 சதவீத வட்டி?

ஒப்பந்தத்தில் வட்டி பேசியிருந்தால் அதைக் காட்ட வேண்டும். பேசவில்லையென்றால், எழுத்து மூலம் வட்டியோடு கேட்ட தேதியிலிருந்து நியாயமான வட்டியை நீதிமன்றம் அனுமதிக்கலாம். ‘ஊர் வழக்கம்’ என்று சொல்லி ஏழு வருஷத்துக்கு 24 வீதம் போட்டுவிட முடியாது. எதிருரையில் வட்டியைத் தனியாக மறுத்து எழுதுங்கள்.

வழக்குப் போட்டவர் யார்?

உங்களோடு பேசியவர் ஒருவர், வழக்குப் போட்டவர் இன்னொருவர் என்றால், பாக்கியை வசூலிக்கும் உரிமை எழுத்து மூலம் அவருக்கு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மனையை வாங்கியதாலேயே பழைய வாடகைப் பாக்கியும் தானாகக் கைக்கு வந்துவிடாது. வாதி ஒரு கூட்டு வியாபார நிறுவனமா? பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் ஒப்பந்த உரிமையை வைத்து வழக்குப் போடுவதற்குக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு தடை விதிக்கிறது.

வண்டியை நிறுத்தியது நீங்கள்தானா என்பதும் முக்கியம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்பதாலேயே ஒப்பந்தம் செய்தவர் நீங்கள்தான் என்று ஆகாது. நிரூபிக்கும் பொறுப்பு வழக்குப் போட்டவருக்கே. சிசிடிவி பதிவு, கணினியில் எடுத்த பில் போன்ற மின்னணு ஆதாரம் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் அதனுடன் இருக்க வேண்டும்.

எதிருரையில் என்ன எழுதுவது?

தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே எதிருரை கொடுக்கலாம். வழக்கு மதிப்பை வைத்து எதிருரைக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எதிர்க்கோரிக்கை வைத்தால்தான் உண்டு. அண்ணாச்சியின் எதிருரையின் சாரம் இப்படி இருக்கும்:

1. வழக்குரை சொல்லும் பாக்கி 31.5.2018 வரையிலானது. 2025 ஜூனில் போடப்பட்ட இந்த வழக்கு, 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தை நீக்கிய பின்னும் காலவரம்பைக் கடந்தது.

2. 2018 மே மாதத்துக்குப் பின் பிரதிவாதி எந்த ஒப்புதலும் எழுதித் தரவில்லை. எந்தத் தொகையும் கட்டவில்லை. 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டதாக வழக்குரையில் சொல்லியிருப்பது மறுக்கப்படுகிறது.

3. முன்னறிவிப்பு, அபராதம் பற்றி வாதியோ முந்தைய உரிமையாளரோ பிரதிவாதியுடன் ஒப்பந்தம் செய்யவில்லை. வாதிக்கு நஷ்டம் எதுவும் ஏற்பட்டதாகக் காட்டப்படவில்லை.

4. வட்டி பற்றி ஒப்பந்தம் இல்லை. நூற்றுக்கு 24 வீதம் வட்டி மறுக்கப்படுகிறது.

5. முந்தைய உரிமையாளரின் வசூல் உரிமை வாதிக்கு மாற்றப்பட்டதற்கான ஆவணத்தை வாதி தாக்கல் செய்து நிரூபிக்க வேண்டும்.

‘எல்லாவற்றையும் மறுக்கிறேன்’ என்று ஒரே வரியில் முடிப்பது போதாது. ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். அதே சமயம் பொய்யும் எழுதக் கூடாது. ‘அந்த மனையில் வண்டியே நிறுத்தியதில்லை’ என்று எழுதிவிட்டு, குறுக்கு விசாரணையில் பழைய ரசீதைக் காட்டினால் மற்ற நல்ல வாதமும் சேர்ந்து கெட்டுப்போகும். எதிருரையின் கடைசியில் ‘மேலே சொன்னது உண்மை’ என்று கையெழுத்துப் போடுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

கையில் இருக்கும் பழைய ரசீது, அட்டை, வங்கிக் கணக்குப் பதிவு, போர்டின் புகைப்படம், புதிய இடத்துக்கு மாறியதற்கான ரசீது எல்லாவற்றையும் எதிருரையோடே கொடுங்கள். வழக்குரையைப் படித்ததுமே காலாவதி தெரிகிறது என்றால், விசாரணைக்கு முன்பே அதை நிராகரிக்கக் கேட்டு மனு போடவும் வழி உண்டு. வேறு ஊர் நீதிமன்றத்தில் வழக்கு வந்திருந்தால், அந்த நீதிமன்றத்துக்கு அதிகார எல்லை இல்லை என்ற ஆட்சேபத்தையும் ஆரம்பத்திலேயே எழுப்ப வேண்டும். பிறகு சொன்னால் எடுபடாது.

இன்னொரு காரணத்துக்காகவும் முதல் நீதிமன்றத்திலேயே முழுக்கவனம் வேண்டும். 25,000 ரூபாய்க்கு மிகாத பண வசூல் வழக்குகளில் உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு கிடையாது.

வக்கீல் செலவுக்கு என்ன செய்வது?

“இருபத்து மூவாயிரத்துக்கு வழக்கு. வக்கீலுக்கும் கொடுத்து, நாலு வாய்தாவுக்குக் கடையையும் பூட்டினா எனக்கு என்ன மிச்சம்?” இது அண்ணாச்சியின் அடுத்த கேள்வி.

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் கன்னியாகுமரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கும், வருமான வரம்புக்குள் வரும் மற்றவர்களுக்கும் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தரும் உரிமை இது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். அண்ணாச்சிக்கு வருமானத்தின் பேரில் இலவச வழக்கறிஞர் கிடைக்காமல் போகலாம். வழக்கறிஞர் இல்லாமல் தானே நேரில் ஆஜராகவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனாலும் எதிருரையை மட்டுமாவது ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்வது நல்லது.

“ஆனாலும் அந்த மூவாயிரம் நான் கொடுக்க வேண்டியதுதானே?”

அண்ணாச்சி கடைசியாகக் கேட்டது இது. கம்போளத்தில் கணக்கு நாணயம்தான் முதல். கடன்காரன் என்ற பேர் அவருக்கு வேண்டாம்.

சட்டம் இங்கே ஒரு நுட்பமான கோடு போடுகிறது. காலவரம்பு முடிந்தால் நீதிமன்றம் வழியாக வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. கடன் இல்லாமல் போய்விடுவதில்லை. நீங்களாக விரும்பிக் கொடுத்தால் அது முறையான பணம்தான், சட்டம் தடுக்காது. உண்மையாகத் தர வேண்டியதைத் தந்துவிட்டு, நியாயமில்லாததை மறுப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

ஆனால் கொடுக்கும் முறை முக்கியம். எதிருரையை முதலில் தாக்கல் செய்துவிடுங்கள். பிறகு வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேளுங்கள். அங்கே ‘3,000 ரூபாயோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது’ என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு முடிக்கலாம். வாதிக்கும் இதில் லாபம் உண்டு. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மக்கள் நீதிமன்ற முடிவு தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் மேல்முறையீடு இல்லை. அதனால் கையெழுத்திடும் முன் தொகை, தேதி, ‘வேறு பாக்கி இல்லை’ என்ற வாசகம் மூன்றையும் இரண்டு முறை படித்துப் பாருங்கள். வெளியே தனியாகக் கையில் பணம் கொடுத்துவிட்டு, ‘வழக்கை வாபஸ் வாங்கிக்கிடுதேன்’ என்ற வாய்வார்த்தையை நம்பி வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்டால்?

சம்மன் வந்ததே தெரியாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருந்தாலும் வழி இருக்கிறது. தீர்ப்பை நீக்கக் கேட்டு அதே நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மனு போட வேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லையென்றால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். நீக்கிய பின் வழக்கு மறுபடி தொடங்கும். அப்போதும் மேலே சொன்ன எதிருரைதான்.

ஒரு பார்வையில்

• சம்மனை வாங்குங்கள். வாங்கிய தேதியைக் குறியுங்கள்.
• இ-கோர்ட்ஸில் வழக்கைச் சரிபாருங்கள்.
• 30 நாள், சுருக்க விசாரணை என்றால் 10 நாள். நாள்காட்டியில் வட்டம் போடுங்கள்.
• பாக்கித் தேதி, வழக்குத் தேதி, கொரோனா காலம் மூன்றையும் வைத்துக் காலவரம்பைக் கணக்கிடுங்கள்.
• ‘தந்துவிடுகிறேன்’ என்று எங்கும் எழுதாதீர்கள்.
• வாடகை, அபராதம், வட்டி, செலவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் சொல்லுங்கள்.
• உதவிக்கு: இலவசச் சட்ட உதவி 15100. கட்டணம் வாங்கும் நிறுவனம் நியாயமில்லாமல் நடந்தது என்று நுகர்வோராகப் புகார் சொல்ல 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் காலம்; நமக்கும் காலவரம்பு உண்டு.

கடைசியாக ஒன்று. இனிமேல் மாத வாடகைக்கு வண்டி நிறுத்தினால், எடுக்கும் நாளில் ‘இன்று வரை கணக்கு நேர், வேறு பாக்கி இல்லை’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மனைக்காரரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணாச்சி இப்போது அப்படித்தான் செய்கிறார். சீட்டைக் கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்.